வீடு எத்தனை பேரைத் தாங்கும்?

தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள் பலரை எனது பணியின்போது சந்திக்கிறேன். கடற்கரைக் கிராமங்களில் சிலர், வீட்டின் ஓர் அறையை உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குக் கொடுக்க விரும்புகின்றனர். "எட்டுப் பேரைப் படுக்க விட்டால் காசு கூட வரும்தானே மிஸ்?" என்று ஒரு சகோதரி கேட்டார்.

இக்கேள்விக்குப் பல நாடுகள் சட்டத்தின் மூலம் பதில் சொல்லியுள்ளன. அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் 2023 செப்டெம்பர் முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. 30 நாட்களுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். விருந்தினர் தங்கும்போது தானும் அங்கே இருக்க வேண்டும். இருவருக்கு மேல் தங்க வைக்க முடியாது. குடியிருப்பு வீடுகள் பயணிகளின் விடுதிகளாக மாறினால், வாடகைக்கு வாழும் குடும்பங்கள் எங்கே போவது என்ற கவலையும் இதற்கு ஒரு காரணம். வீடிழந்து அலைந்த எமக்கு அக்கவலை புரியாததல்ல.

ஜப்பானில் 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டம், விருந்தினர் ஒருவருக்குக் குறைந்தது 3.3 சதுர மீற்றர் இடம் வேண்டும் என்கிறது. அமெரிக்கக் கிராமப்புறங்கள் பலவற்றில் மலசலகூடக் குழியின் கொள்ளளவைப் பார்த்தே ஆட்தொகையை நிர்ணயிக்கிறார்கள்.

இது எமக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவில்தான் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் நிலத்தில் குழியின் கழிவு கிணற்று நீரோடு எளிதில் கலந்துவிடும். எட்டுப் பேர் தந்த காசு, பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்கவே போய்விடலாம்.

ஆனால் எல்லா விதியையும் அப்படியே எடுக்க முடியாது. நியூயோர்க்கில் வீட்டுக்காரருக்கும் விருந்தினருக்கும் இடையே கதவைப் பூட்டி வைக்கக் கூடாது. தீப்பிடித்தால் எல்லோரும் தப்பி ஓட வேண்டும் என்பதே நோக்கம். வளர்ந்த பெண்பிள்ளைகளோடு தனியே வாழும் தாய்க்கு இது சரிவராது. உங்கள் அறைக்கு உட்புறத் தாழ்ப்பாள் கட்டாயம் வேண்டும்; விருந்தினர் அறைக்கு வெளியே செல்லத் தனி வாசல் இருந்தால் மிக நல்லது.

ஆகவே சகோதரிகளே, அறையைக் கொடுக்க முன்னர் கட்டிலை எண்ணாதீர்கள். கிணற்றையும் குழியையும் வாசலையும் பாருங்கள். எத்தனை பேர் என்பதை முன்கூட்டியே சொல்லி எழுதி வையுங்கள். பிரதேச சபையிலும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பதிவு பற்றி விசாரியுங்கள். "இவ்வளவு பேர்தான்" என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரியான உங்களுடையது.