வணிக முதுமாணிப் பட்டத்தின் விலையும் அதற்குப் பொருள் தேடும் வழிகளும்

கல்விக்கு விலை பேசும் வழக்கம் நம்மவரிடையே அருகியே காணப்படுகின்றது. 1945 ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்த காலந்தொட்டு, அரிவரி முதலாகப் பல்கலைக்கழகத்து முதற் பட்டம் ஈறாகக் கட்டணமின்றிக் கற்கும் வாய்ப்பு இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு உண்டாயிற்று. அப்பேற்றின் பெருமை சொல்லுந்தரமன்று. ஆயினும் அதனோடு ஒரு குறையும் உடன் வளர்ந்தது. விலையுள்ள கல்வியொன்றை முதன்முதலாகக் கொள்ளப் புகும்போது அதன் முழு விலையையும் கணக்கிட்டு நோக்கும் பயிற்சி நமக்கு இல்லாது போயிற்று. இக்குறை இன்று பெரிதும் வெளிப்படுவது எம்.பி.ஏ. என வழங்கும் வணிக நிருவாக முதுமாணிப் பட்டத்தின் விடயத்திலேயாம். ஆதலின் அப்பட்டத்தின் செலவையும், அச்செலவை ஈடுசெய்யும் வழிகளையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இப்பட்டம் பிறந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1881 இல் வார்ட்டன் வணிகக் கலாசாலை தோன்றியது. 1908 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகம் தனது வணிகக் கலாசாலையை நிறுவி, முதுமாணி என்னும் பெயரால் இப்பட்டத்தை வழங்க முற்பட்டது. பிரான்சு தேசத்தில் இன்சீட் 1957 இல் எழுந்தது. இந்தியாவில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961 இல் முகாமைத்துவ நிறுவனங்கள் அமைந்தன. நம் நாட்டில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம் 1986 இல் உருவாயிற்று.

இவற்றின் கட்டணங்கள் ஏறியவாற்றை நோக்குவோர் வியப்படைவர். ஹாவார்டில் 2024-25 கல்வியாண்டிற் கற்பிப்புக் கட்டணம் மாத்திரம் 76,000 டொலருக்கு மேற்பட்டது. உறையுள், உணவு, காப்புறுதி ஆகியன சேர ஓராண்டுச் செலவு 1,10,000 டொலரைத் தாண்டிற்று. அங்கே கல்விக்காலமோ ஈராண்டு. அகமதாபாத் நிறுவனத்தின் வரலாறும் கருதத்தக்கது. 2004 இல் அதன் ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்திய ரூபாவாக இருந்தது. அதனை 30,000 ரூபாவாகக் குறைக்குமாறு அன்றைய மத்திய அரசு பணித்தபோது பெரும் வாதம் மூண்டது. குறைப்பு நிலைக்கவில்லை. 2008 இல் ஈராண்டுக் கட்டணம் பதினொன்றரை இலட்சமாயிற்று. அண்மை ஆண்டுகளில் அது 23 இலட்சத்தையும் கடந்துவிட்டது. பட்டம் பெற்றோர்க்குக் கிடைக்கும் ஊதியம் ஏற ஏற, பட்டத்தின் விலையும் அதன்பின்னே ஏறி வந்துள்ளது.

நிற்க. கல்விக் கட்டணத்தையே பட்டத்தின் விலையெனக் கொள்வது பெருந்தவறு. உண்மை விலை நான்கு கூறுகளை உடையது. முதலாவது கட்டணம். இரண்டாவது கற்கும் காலத்து வாழ்க்கைச் செலவு. மூன்றாவது தொழிலை விட்டுச் செல்வதால் இழக்கும் ஊதியம். நான்காவது கடன் பெற்றவழி அதன் வட்டி. இவற்றுள் மூன்றாவதனை நம்மவருட் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். மாதம் 1,50,000 ரூபா ஊதியம் பெறும் இளைஞன் ஒருவன் ஈராண்டு வேலையைத் துறந்து முழுநேரம் கற்கச் செல்கின்றான் எனக் கொள்வோம். அவன் இழக்கும் ஊதியம் 36 இலட்சம் ரூபா. அன்றியும், ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் செலுத்தும் நூற்றுக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்தும் 3 வீதமும் அவனுக்கு அற்றுப்போகின்றன. அவை 5,40,000 ரூபாவாகும். ஆகவே கட்டணமாக ஒரு சதமேனுஞ் செலுத்து முன்னரே அப்பட்டம் அவனுக்கு 41,40,000 ரூபா விலையாகிவிட்டது. கட்டணமே இல்லாத இடத்திற் கற்றாலும் இவ்விலை குறையாது. இன்சீட் தன் கல்வியைப் பத்து மாதத்தில் முடித்துவிடுவதன் சிறப்பு இதனாற் புலப்படும். ஆங்கும் கட்டணம் மிகப் பெரிது. எனினும் இழக்கும் ஊதியம் ஏறத்தாழப் பாதியாகின்றது.

நான்காவது கூறாகிய வட்டியை இனி நோக்குவாம். 20 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 14 வீத வட்டிக்குப் பெற்று ஐந்தாண்டில் மாதத் தவணைகளாகத் திருப்புவோன் மாதந்தோறும் ஏறத்தாழ 46,500 ரூபா செலுத்துவான். வட்டி மாத்திரம் எட்டு இலட்சத்தை நெருங்கும். அதே கடன் 25 வீதமாயின் மாதத் தவணை 58,700 ரூபாவாகவும், வட்டி 15 இலட்சத்துக்கு மேலாகவும் உயரும். இது வெறுங் கற்பனையன்று. 2022 ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டு வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கிய வட்டியே 25 வீதத்தைக் கடந்திருந்தது. மாறும் வட்டிக்குக் கடன் பெற்றோர் அக்காலத்திற் பட்ட துன்பம் யாவரும் அறிந்ததே.

வெளிநாட்டுக் கல்விக்கு நாணய மாற்று என்னும் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவளவில் நின்றது. 20,000 டொலர் கட்டவேண்டிய மாணவனின் தந்தை 40 இலட்சம் ரூபாவைத் திரட்டி வைத்திருந்தார் எனின், இரண்டு மாதத்துள் அவருக்கு 72 இலட்சம் தேவைப்பட்டது. பிள்ளையும் பிழை செய்யவில்லை. தந்தையும் பிழை செய்யவில்லை. ஆயினும் படிப்பு நடுவழியில் நின்றுவிடக்கூடிய நிலை நேர்ந்தது. எந்நாணயத்தில் உழைக்கப்போகின்றோமோ அந்நாணயத்திலேயே கடன்படவேண்டும் என்பது இதனால் நாம் கொள்ளவேண்டிய விதி. வெளிநாட்டில் வேலை உறுதியாகாத ஒருவன் டொலரிற் கடன்பட்டு ரூபாவில் உழைக்க நேரின், அவன் கடன் அவன் உறங்கும்போதும் வளரக்கூடும்.

இனிப் பொருள் தேடும் வழிகளுக்கு வருவாம். அவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. திருப்பிக் கொடுக்கவேண்டாத பணம் முதலாவது. தொழில்தருநர் பணம் இரண்டாவது. சொந்தச் சேமிப்பு மூன்றாவது. கடன் கடைசி. நம்மவர் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகின்றனர்.

திருப்பிக் கொடுக்கவேண்டாத பணமாவது புலமைப்பரிசில். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஓராண்டு முதுமாணிக் கல்விக்கு உரியது. விண்ணப்பிப்போர்க்கு ஈராண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். கற்று முடித்ததும் தாய்நாடு திரும்பி ஈராண்டு தங்கவேண்டும். எனினும் வணிக நிருவாக முதுமாணிக்கு மாத்திரம் கட்டணத்தில் ஓர் உச்ச எல்லை விதித்திருக்கின்றனர். அதற்கு மேற்பட்ட தொகை மாணவனின் பொறுப்பாகும். இந்திய அரசும் இலங்கை மாணவருக்குப் புலமைப்பரிசில்களை வழங்கி வருகின்றது. அவற்றின் துறை வரையறையை அவ்வவ்வாண்டு அறிவித்தலிற் கவனித்தல் வேண்டும். பெருங் கட்டணங் கேட்குங் கலாசாலைகளே பெருங்கொடையும் அளிக்கின்றன என்பது பலர் அறியாத செய்தி. ஹாவார்டு வணிகக் கலாசாலையில் ஏறத்தாழப் பாதி மாணவர் தேவையடிப்படையில் உதவி பெறுகின்றனர். அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டுவதில்லை. மிக்க வறுமையுடைய பத்திலொரு பங்கு மாணவருக்குக் கற்பிப்புக் கட்டணம் முழுவதையும் அளிப்பதாக அது 2022 இல் அறிவித்தது. எனவே அறிவித்த விலையைக் கண்டு அஞ்சி, திறமையுள்ள ஏழை மாணவன் விண்ணப்பியாது விடுதல் தகாது. நடுத்தரக் கலாசாலைகளிலோ கட்டணம் சிறிது குறைவாகத் தோன்றும். ஆனால் உதவி அரிது.

தொழில்தருநர் பணத்தைப் பெறுதற்கு உள்நாட்டுப் பகுதிநேரக் கல்வியே ஏற்றது. வார இறுதியிற் கற்று வாரநாளில் உழைப்போன் ஊதியத்தை இழப்பதில்லை. மேலே நாம் கணக்கிட்ட 41 இலட்சம் அவன் கையிலேயே நிற்கின்றது. வங்கிகளும் பெருங் கம்பனிகளும் தம் உத்தியோகத்தரின் கட்டணத்தை முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்பதுண்டு. ஆனால் அதற்குச் சேவைப் பிணைமுறி ஒன்றில் ஒப்பமிடுமாறு கேட்பர். எத்தனை ஆண்டு, விலகினால் எவ்வளவு, வட்டியுடனா அன்றியா என்பனவற்றை வாசித்தறியாமல் ஒப்பமிடுதல் கூடாது.

கடன் வகைகளுள் கல்விக் கடன் ஒன்று. கற்கும் காலத்தில் முதலைத் திருப்பாது விடும் சலுகை சிலவற்றில் உண்டு. அக்காலத்தும் வட்டி ஏறுமா என்பதே முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி. அமெரிக்காவிற் குடியேறிய நம் பழைய மாணவர்களின் மக்களுக்கு அங்குள்ள மத்திய அரசின் கடன் துணையாக இருந்தது. 2025 இல் நிறைவேறிய சட்டம், பட்டப்பின் மாணவர் தம் செலவு முழுமைக்கும் பெறக்கூடியதாயிருந்த கடனை 2026 யூலை 1 முதல் புதியவர்க்கு நிறுத்தி, வணிக முதுமாணி போன்ற கல்விகளுக்கு ஆண்டுக்கு 20,500 டொலரும், மொத்தம் 1,00,000 டொலரும் என எல்லை வகுத்தது. எஞ்சிய தொகைக்குத் தனியார் கடனை நாடுவோர் அதன் நிபந்தனைகளை நன்கு ஆராய்தல் வேண்டும்.

நம் பிரதேசத்திலோ கடன் வேறு உருவங்களில் வருகின்றது. காணியை ஈடு வைத்தல், நகையை அடைவு வைத்தல், சீட்டை முந்தி எடுத்தல் என்பன அவை. ஐந்து இலட்சம் ரூபாச் சீட்டை ஒரு இலட்சம் கழித்து எடுப்பவன் நான்கு இலட்சத்தைப் பெற்று ஐந்து இலட்சத்தைக் கட்டுகின்றான். வட்டி என்னும் பெயர் இல்லாமையால் அது வட்டியன்று என நினைத்தல் அறியாமை. காணி ஈட்டின் நிலை இதனினும் கடியது. தம்பி இலண்டனுக்குச் சென்று படித்து உழைத்து மீட்பான் என்னும் நம்பிக்கையில் தங்கையின் சீதனக் காணி ஈடாகின்றது. பிரித்தானியாவில் மாணவர் கல்வித் தவணைக்காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலமே வேலை செய்யலாம். மனைவி உடன்சென்று உழைப்பாள் எனச் சிலர் திட்டமிட்டனர். 2024 சனவரி முதல், கற்பித்தல்வழி முதுமாணிக் கல்விக்குப் புதிதாகச் செல்வோர் குடும்பத்தினரை அழைத்துச் செல்ல இயலாது. அரசின் விதி ஒன்று மாறியவுடன் கணக்கு முழுவதும் மாறிவிடுகின்றது. படிப்பவன் தோற்றாற் படிக்காத தங்கை வீடிழக்கும் ஏற்பாடு அறமாகாது. குடியிருக்கும் வீட்டையும், பிறர்க்கு உரிய காணியையும் இப்பட்டத்துக்காக ஈடு வைத்தலாகாது என்பதே எமது துணிபு.

இன்று கல்லூரியிற் கற்கும் மாணவருக்கும் ஒரு சொல். வணிக முதுமாணி என்பது தொழில் அனுபவம் பெற்றபின் கற்றாற் பயன்மிகுவது. முதற் பட்டத்தை அரச பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் பெற முயலுங்கள். அங்கு இடங் கிடைத்தோர்க்கு 1981 இல் நிறுவப்பெற்ற மகாபொல நிதியின் உதவி உண்டு. இடங் கிடையாதோர் அங்கீகாரம் பெற்ற அரசு சாரா நிறுவனங்களிற் கற்பதற்கு, வட்டியை அரசே ஏற்கும் மாணவர் கடன் திட்டம் 2017 முதல் நடைபெற்று வருகின்றது. 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் வழிச் செல்வோர் பயிற்சிக் காலத்திலேயே சிறிது ஊதியமும் பெறுவர். எந்நிறுவனத்துக்கும் பணங் கட்டுமுன் அதன் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஏற்பு உண்டா என உசாவியறிக. ஏற்பில்லாப் பட்டம் எவ்வளவு மலிவாயினும் நட்டமே.

ஈற்றிலே பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். இன்சீட்டின் பழைய மாணவர் சிலர் 2007 இல் ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்கினர். ஈடும் பிணையாளியும் இல்லாத வெளிநாட்டு மாணவருக்கு, அவர்தம் எதிர்கால உழைப்பை நம்பிக் கடன் கொடுப்பது அதன் நோக்கம். தம் கலாசாலையிற் கற்றோரின் நாணயத்தைத் தாம் அறிவர் என்பதே அவர்களுக்கு முதலாயிற்று. நாமும் அவ்வாறு செய்யலாகாதா? விழாக்களிற் பரிசு வழங்குவதோடு நில்லாது, வட்டியின்றிக் கொடுத்து, உழைக்கத் தொடங்கியபின் பெற்று, அடுத்தவனுக்கு அதையே மீட்டுங் கொடுக்கும் சுழல்நிதி ஒன்றை இவ்விழா ஆண்டிலே தொடங்கலாம். ஒருவன் திருப்பிய பணத்தில் இன்னொருவன் கற்பான். பணங் கொடுக்க இயலாதோர் விண்ணப்பம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், பிணைமுறியை வாசித்து விளக்கவும் இளையோர்க்குத் துணை நிற்கலாம்.

ஆழமறிந்து காலை இடுவோன் ஆற்றைக் கடப்பான். கற்க விழையும் நம் இளைஞர் விலையை முழுதும் அறிந்து, கொடையை முன்னும் கடனைப் பின்னுமாக வைத்து, தம் குடும்பத்தின் நிலத்தைக் காத்துக் கற்று உயர்வாராக.