புள்ளி தொலைந்த பக்கம்

மகளுக்குத் தமிழ்ப் பயிற்சித்தாள் ஒன்றை வீட்டு பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். “அப்பா, ‘காலையில் பல தேய்க்க வேண்டும்’னு இருக்கு. பல எதைத் தேய்க்கணும்?” தாளை வாங்கிப் பார்த்தேன். அந்த வரியின் தலைப்பக்கமாக ஒரு வெள்ளைக் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியிருந்தது. ‘பல்’லின் புள்ளி அதற்குள் போய்விட்டது. மற்ற வரிகளும் சரியில்லை. ‘ண’வின் சுழிகள் அடைபட்டுக் கறுத்திருந்தன. நெட்டுக்கோடுகள் சில இடங்களில் இரட்டையாகத் தெரிந்தன.

ஆங்கில ‘ஐ’ எழுத்தின் தலைப்புள்ளி அழிந்தாலும் வாசிப்பவர் தடுமாற மாட்டார். தமிழில் புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும், சொல்லே வேறாகிவிடும். 11 பாயிண்ட் எழுத்தில் அந்தப் புள்ளி அரை மில்லிமீட்டர்கூட இராது. ‘பிரிண்ட் மங்கலா வருது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். என் கையிலிருந்த அந்த ஒற்றைத் தாளிலோ மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருந்தன. ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்கு ஆகாது.

இங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட்டில் நூற்றுக்கணக்கான துளைகள் வரிசையாக உள்ளன. ஒரு துளையின் அகலம் சுமார் 20 மைக்ரான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் வழியே வரும் மைச்சொட்டைப் பிகோலிட்டர் கணக்கில்தான் அளக்க முடியும். 2 பிகோலிட்டர் சொட்டு என்றால், ஒரு மில்லிலிட்டர் மையில் 50 கோடி சொட்டுகள் அடங்கும். இவ்வளவு சிறிய சொட்டை வேண்டிய நொடியில், வேண்டிய துளையிலிருந்து மட்டும் வெளியே தள்ளுவது எப்படி? 1977இல் ஜப்பானின் கேனான் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ என்ற ஆய்வாளருக்குத் தற்செயலாக ஒரு விடை கிடைத்தது. மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் பட்டதும் ஊசிமுனையிலிருந்து மை பீய்ச்சி அடித்தது. சூட்டில் உண்டான ஆவிக்குமிழி மையைத் தள்ளியிருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் ஹெச்பி நிறுவனத்தாரும் இதே வழிக்குத் தனியாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய திங்க்ஜெட் 1984இல் விற்பனைக்கு வந்தது. எப்சன் வேறு வழியில் போனது. மின்சாரம் பாய்ந்தால் வளையும் ஒரு சிறு தகடு மையை அழுத்தி வெளியே தள்ளும். அங்கே சூட்டுக்கு வேலையில்லை. வீடுகளில் இருக்கும் இங்க்ஜெட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு வகைதான்.

மையில் பெரும்பகுதி தண்ணீர். அது துளையின் வாயில் காய்ந்தால் நிறப்பொருள் அங்கேயே தங்கிக் கெட்டிப்படுகிறது. அடுத்தடுத்த சில துளைகள் அப்படி அடைத்துக்கொண்டால், ஹெட் போகும் தடம் முழுவதும் அந்த இடம் வெறுமையாக விழும். என் மகளின் தாளில் புள்ளியை விழுங்கிய வெள்ளைக் கோடு அதுதான். பிரிண்டரின் மெனுவில் ‘நாசில் செக்’ என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு துளையும் தன் பங்குக்கு ஒரு சிறு கோட்டைப் போட்டுக் காட்டும். எங்கே கோடு விட்டுப்போயிருக்கிறதோ அங்கே அடைப்பு. அப்போதுதான் ஹெட் கிளீனிங் கொடுக்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மங்கல் என்றதும் முதல் வேலையாக ஹெட் கிளீனிங்கை ஐந்தாறு முறை அழுத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. கிளீனிங்கின்போது உள்ளே ஒரு பம்ப் துளைகள் வழியாக மையை உறிஞ்சி எடுக்கிறது. அந்த மை டேங்குக்குத் திரும்பாது. பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சு போன்ற ஒரு பேடில் போய் ஊறிவிடும். அந்த பேட் நிரம்பிவிட்டதாகக் கணக்கு வந்ததும் பல பிரிண்டர்கள் வேலை செய்ய மறுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய மையைக் கொட்டி, பிரிண்டரின் ஆயுளையும் நாமே குறைக்கிறோம். இரண்டு மூன்று முறை கொடுத்துப் பார்க்கலாம். சரியாகவில்லையென்றால் ஓர் இரவு சும்மா விட்டுவிட வேண்டும். காய்ந்த மை புது மையில் ஊறி இளகுவதற்கு அந்த நேரம் தேவை. என் பிரிண்டரில் காலையில் எடுத்த நாசில் செக்கில் எல்லாக் கோடுகளும் வந்துவிட்டன. ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் வகை என்றால் இன்னொரு வழியும் உண்டு. வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த, நூல் பிரியாத துணியில் துளைப் பக்கத்தை மெல்ல ஒற்றி எடுக்கலாம். செம்பு நிறத் தொடுமுனைகளில் கை படக் கூடாது.

வெள்ளைக் கோடு போனது. நெட்டுக்கோடுகளின் இரட்டை போகவில்லை. நூறு முறை கிளீனிங் செய்தாலும் அது போகாது, ஏனென்றால் அங்கே எந்தத் துளையும் அடைக்கவில்லை.

ஓடும் பஸ்ஸிலிருந்து செய்தித்தாள் கட்டை ஊர் நிறுத்தத்தில் வீசுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்பே கையை விடுவார். கட்டு பஸ்ஸின் வேகத்தோடு முன்னே போய் விழும் என்பது அவருக்குத் தெரியும். பிரிண்டர் ஹெட்டும் ஓடிக்கொண்டேதான் சொட்டைப் போடுகிறது. துளைக்கும் தாளுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதைக் கடக்கும் நேரத்துக்குள் ஹெட் 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடும். வேகமாக அச்சிடும்போது ஹெட் போகும்போதும் அடிக்கும், திரும்பும்போதும் அடிக்கும். வலப்பக்கம் போகும்போது சொட்டு வலமாகத் தள்ளி விழும், திரும்பும்போது இடமாகத் தள்ளி விழும். இந்த இரண்டையும் கணக்கிட்டு முன்கூட்டியே சொட்டை விடும்படி பிரிண்டர் சரிசெய்யப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு பிசகினால் நெட்டுக்கோடு இரண்டாகப் பிரிகிறது. ‘ப’வின் இரண்டு கால்களும் நான்காகத் தெரிவது இதனால்தான்.

இதற்கு மருந்து ‘ஹெட் அலைன்மென்ட்’. பல பிரிண்டர்கள் எண்ணிட்ட கட்டங்களை அச்சிட்டுக் காட்டும். அவற்றில் கோடு பிரியாமல் ஒன்றாக இருக்கும் கட்டத்தின் எண்ணைக் கொடுத்தால் போதும். ஜன்னல் வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். இங்கே அவசரப்பட்டால் பலன் பாதிதான். தாள் சுருண்டிருந்தாலும் இதே இரட்டை வரும். தாளின் ஓரம் மேலெழும்பினால் சொட்டு கடக்கும் தூரம் மாறிவிடும், பிரிண்டருக்கு அது தெரியாது. எழும்பிய ஓரத்தில் ஹெட் உரசினால் மை தீற்றலாக இழுபடவும் செய்யும். ஐப்பசி மழையில் டிரேயிலேயே கிடந்த தாள் ஈரம் வாங்கிச் சுருளும். எடுத்தது போக மீதியைக் கட்டின் உறையிலேயே சுற்றி வைப்பது நல்லது.

சொட்டு இடம் தவறி விழ இன்னொரு காரணமும் உண்டு. ஹெட் ஓடும் பாதையில், அதன் பின்புறமாக, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் நாடா இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதிலுள்ள நுண்ணிய கோடுகளை எண்ணித்தான் ஹெட் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிகிறது. அதில் மைத்துளியோ கிரீஸோ பட்டால் ஹெட்டின் எண்ணிக்கை தப்பிப்போகும். எழுத்துகள் அங்கங்கே வெட்டுப்பட்டு நகர்ந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, ‘ண’வின் அடைபட்ட சுழி. சொட்டு சரியாகத்தான் பிறந்தது, சரியான இடத்தில்தான் விழுந்தது. விழுந்த பிறகு தாள் அதைப் பரவவிட்டது. தாள் என்பது நார்களின் பின்னல். வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் மேலேறுவதுபோல, நார்களுக்கிடையே மை ஊர்ந்து போகும். இதைத் தடுக்கத்தான் ஆலையில் ஸ்டார்ச் முதலிய பொருள்களைத் தாளில் சேர்க்கிறார்கள். அது குறைந்த தாளில் எழுத்தின் ஓரம் மயிர்க்கால் விட்டதுபோல் ஆகும். தாளை மாற்றிப் பார்ப்பதே எளிய சோதனை.

தாளைவிடவும் அதிகமாகக் கவனிக்காமல் விடப்படுவது, பிரிண்ட் செட்டிங்கில் ‘பேப்பர் டைப்’ என்ற இடம். முன்பொருநாள் போட்டோ அச்சிட ‘கிளாஸி’ என்று மாற்றியிருப்போம், திருப்பி வைத்திருக்க மாட்டோம். சாதாரண ஜெராக்ஸ் பேப்பரைக் கிளாஸி என்று நம்பி பிரிண்டர் மையைத் தாராளமாகக் கொட்டும். இன்னொன்றும் நடக்கும். பல பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, மற்ற நிறங்கள் சாய மை. பிக்மென்டின் துகள்கள் தாளின் மேற்பரப்பில் தங்குவதால் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். சாயம் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே இறங்கும். போட்டோ பேப்பர் என்று சொன்னால் இவ்வகை பிரிண்டர்களில் சில, கறுப்பு மையை ஒதுக்கிவிட்டு மூன்று நிறங்களையும் கலந்தே கறுப்பை உண்டாக்குகின்றன. எழுத்தின் ஓரத்தில் நீலமோ ரோஸோ கசிந்து தெரிந்தால் செட்டிங்கைப் பாருங்கள். என் தாளின் சுழிகள் ‘பிளெய்ன் பேப்பர்’ என்று மாற்றியதுமே திறந்துகொண்டன.

சில சமயம் பிரிண்டர் மேல் குற்றமே இராது. வாட்ஸ்அப்பில் வந்த பாடப்பக்கப் படம் அனுப்பும்போதே சுருங்கியிருக்கும். ஏ4 தாளை 300 டிபிஐ தரத்தில் நிரப்ப 2480க்கு 3508 பிக்செல் வேண்டும். திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயே எழுத்தின் ஓரம் கலங்கினால், அதே பாடத்தைப் பிடிஎஃப் கோப்பாகக் கேட்டு வாங்குவதுதான் வழி.

எங்கள் வீட்டில் அடைப்பு வந்ததற்குக் காரணம் சுவர் சுவிட்ச். வேலை முடிந்ததும் பிளக் பாயிண்டை அணைத்துவிடும் பழக்கம் எங்களுக்கு. பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்து, துளைகளை மூடிக்கொள்ளும். அதற்கு முன்பே கரண்ட்டைப் பிடுங்கினால் ஹெட் வழியிலேயே திறந்த வாயோடு நின்றுவிடக்கூடும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் மை காய்ந்துவிடும். இப்போது முதலில் பிரிண்டர் பட்டன், விளக்கு அணைந்த பிறகுதான் சுவர் சுவிட்ச். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்கு நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் எடுக்கிறோம். அதில் என்ன எழுதலாம் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மகளுடையது.