படியெடுத்தலும் படித்துப் பார்த்தலும்

'படி' என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. அவற்றுள் இரண்டினை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். பெயராய் நின்று பிரதியைக் குறிப்பது ஒன்று. ஏவலாய் நின்று வாசிக்கப் பணிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றை ஒன்று பிரியாதிருத்தலே, ஓலைச்சுவடிக் காலத்தும் கணினிக் காலத்தும் நூலைக் காக்கும் நெறியாம்.

பனையோலை நெடுநாள் நில்லாது. மஞ்சள் தடவினும் மைபூசினும், ஈரமும் செல்லும் அதனை அரித்தே தீரும். ஆதலின், சங்கச் செய்யுளாய் இன்று நாம் கற்பனவெல்லாம் படியின் படியாய் வந்தவையே. படியெடுப்பார் ஓய்ந்தவிடத்து நூலும் ஓய்ந்தது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. எழுபது பாடல்கொண்ட பரிபாடலில் முழுமையாய்க் கிடைத்தவை 22. புறநானூற்றிலே 267, 268ஆம் பாடல்கள் மறைந்தன. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஊர்தோறும் சுவடி தேடியது ஏன்? ஓர் ஏட்டின் சிதைவை மற்றோர் ஏடு நிரப்பும் என்பதனால் அன்றோ!

எங்கள் மட்டக்களப்பு நாட்டிலே கண்ணகி வழக்குரை பிழைத்த வரலாறும் கருதத்தக்கது. வைகாசிச் சடங்கிலே கோயிலில் ஏடு அவிழ்த்து வாசிப்பது மரபு. ஆண்டுதோறும் அவிழ்ப்பதனால் இற்ற ஓலை கண்ணிற்படும். வாசிப்பதனால் தேய்ந்த எழுத்துப் புலப்படும். உடனே புதுப்படி எழுத வழியுண்டு. பண்டிதர் வீ. சி. கந்தையா 1968இல் அதனைப் பதிப்பித்தபின் அஃது அச்சிலும் நிலைபெற்றது. பூட்டிய பெட்டியில் உறங்கிய ஏடுகளுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை.

படி ஓரிடத்தே மட்டும் இருப்பின் விளைவது யாது என்பதனை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது கண்டோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறிடத்தும் படி இருந்த அச்சு நூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். வேறு படியில்லாத சுவடியை எங்கே தேடுவது?

இனி வீட்டுக் கணினிக்கு வருவோம். சென்ற மாரியிலே, இடிமுழக்கத்தோடு மின்சாரம் பலமுறை நின்று வந்த ஓர் இரவிற்குப்பின், கல்குடாவில் என் வீட்டுக் கணினி இயங்கவில்லை. வன்தட்டு அழிந்ததென்றார் திருத்துநர். வாழைச்சேனை, கல்குடாச் சுற்றுப்புறத்து முதியோரிடம் இருபதாண்டாய்க் கேட்டெழுதிய தாலாட்டும் ஒப்பாரியும் வசந்தன் பாட்டும் அதனுள் இருந்தன. புதுத் தட்டுப் பூட்டி, இயங்குதளத்தை மீள நிறுவ அரைநாள் போதும். பாட்டை மீளப் பெற அது போதாது; பாடினோருட் பலர் இன்று இல்லை. மட்டக்களப்பு நகரில் என் தங்கையார் வீட்டு அலுமாரியில் இருந்த மற்றொரு தட்டே அவற்றைத் திருப்பித் தந்தது.

ஆயினும், கோப்புகள் வந்தமட்டில் பாட்டுகள் வந்துவிடவில்லை. பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் அமைந்தவை. அம்முறையில் தகரம் 'ஜே' என்னும் ஆங்கில எழுத்தாயும், மகரம் 'கே' என்னும் எழுத்தாயும் உள்ளே பதியும். மெய்யின் புள்ளியோ ஓர் அரைப்புள்ளிக் குறியாகும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என எழுதியது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய் நிற்கும். புள்ளியிடாத ஓலையிலே மெய்யோ உயிர்மெய்யோ எனப் பதிப்பாசிரியர் மயங்கிய நிலை இதுவே. எழுத்துருவை நிறுவி, யூனிக்கோடு முறைக்கு மாற்றி, பழைய கையெழுத்துக் குறிப்போடு வரிவரியாய் ஒப்புநோக்கினேன். மாணவர் ஒருவர் வாசிக்க, நான் சரிபார்த்தேன். பதினாறு நாள் சென்றன. அதன்பின்னரே மீட்பு நிறைவுற்றது.

கணினி வல்லார் கூறும் நெறி எளியது: மூன்று படி, இருவகைச் சாதனம், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில். கணினியோடு எப்பொழுதும் பிணைத்த புறத்தட்டினை அதே மின்னல் தாக்கக்கூடும். 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் கண்ட எமக்கு, அயல்வீடும் வேற்றிடமன்று என்பதனை எவரும் சொல்லவேண்டுவதில்லை. ஓரிடத்து மாற்றத்தை மற்றோரிடத்தும் உடனே செய்யும் இணைய ஒத்திசைவினைக் காப்புப்படி எனக் கொள்வதும் பொருந்தாது. ஈண்டு அழித்தது ஆண்டும் அழியும். விண்டோசிலுள்ள முன்னிலைக்கு மீட்கும் வசதியோ கணினியின் அமைப்பினைத் திருத்துமேயன்றி, அழிந்த கட்டுரையைத் தராது.

இந்நெறிக்கு நம் முன்னோரிடமிருந்து ஒன்றைக் கூட்டல் வேண்டும். அஃது ஆண்டுதோறும் ஏடவிழ்த்தல். காப்புத்தட்டினை வேறொரு கணினியிற் பொருத்தி, சில கோப்புகளைத் திறந்து, வாசித்துப் பார்த்தல் வேண்டும். திறவாத படி, படி உண்டென்னும் நம்பிக்கையை மட்டுமே தரும்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பொதுவில் காத்துவருகின்றது. ஆயினும் அச்சேறாத குறிப்பேடுகளும் ஒலிப்பதிவுகளும் இன்றும் ஆசிரியர் வீடுகளிலே, ஒற்றைக் கணினியிலே கிடக்கின்றன. பள்ளி விடுமுறையில் ஒருநாளை இதற்கென ஒதுக்குக. மாணவர் இருவரை அழைத்து, ஒருவர் படிக்க, ஒருவர் ஒப்புநோக்கச் செய்க. தட்டும் காக்கப்படும், அதிலுள்ள பாட்டினை இளையோர் இருவர் கற்றும் கொள்வர். அவர் நெஞ்சிற் பதிவதும் ஒரு படியே.