போர்த் திரைப்படத்தில் குறையுடைய தலைவன்: மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுக்கும் இலக்கணம். நடப்பியல் சார்ந்த போர்த் திரைப்படங்கள் இவ்விலக்கணத்தினின்று விலகி, பிழை செய்யும் மனிதனையே தலைவனாக்குகின்றன. அவனுடைய குறை காட்சியால் மட்டுமன்றிப் பேச்சாலும் புலப்படுகிறது. எனவே அப்பேச்சைப் பெயர்ப்பவர் தம்மை அறியாமலேயே அக்குறையைக் கூட்டவோ மறைக்கவோ கூடும். இதனை ஒரு ஜெர்மன் படத்தின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. படமும் அதன் மொழியும்

வுல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கத்தில் 1981இல் வெளிவந்த 'தஸ் போட்' ('படகு'), லோத்தார்-குந்தர் புக்ஹைம் 1973இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. புக்ஹைம் 1941இல் யூ-96 என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் போர்ச் செய்தியாளராகப் பயணம் செய்தவர். நீர்மூழ்கிக் கப்பல்களில் பணிபுரிந்த 40,000 ஜெர்மானியருள் 30,000 பேர் திரும்பவில்லை என்னும் குறிப்புடன் படம் தொடங்குகிறது.

வட்டார வழக்குகள் பலவும் ஒலிக்க வேண்டும் என்பதற்காக, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் பல பகுதிகளிலிருந்து நடிகர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆங்கில ஒலிப்பதிவிலும் முதன்மை நடிகருள் ஏறத்தாழ அனைவரும் தாமே பேசினர். அதில் குரல்கள் எஞ்சின. வழக்கு வேறுபாடுகள் எஞ்சவில்லை.

3. சுட்டும் விளியும்

கப்பல் தலைவனுக்கு வயது முப்பது. எனினும் மாலுமிகள் அவனைக் குறிப்பிடும் சொல்லின் நேர்ப்பொருள் 'கிழவன்' என்பதாகும். தமிழில் 'கிழவன்' என்றால் இகழ்ச்சி மிகும். 'பெரியவர்' என்றால் வணக்கம் மிகும். உரிமையும் கேலியும் கலந்த 'பெரிசு' என்னும் பேச்சு வழக்கே மூலத்திற்கு அணுக்கமானது எனலாம். நேரில் விளிக்கும்பொழுது அவர்கள் 'ஹெர் கலொய்ன்' என்கின்றனர். இது மரியாதை அடைமொழியும் பதவிப் பெயரின் சுருக்கமும் சேர்ந்தது. மதிப்பும் நெருக்கமும் ஒருங்கே கொண்டது. ஆங்கிலத்தின் வழியாகப் பெயர்ப்பவருக்கு மற்றுமோர் இடர் உண்டு. ஜெர்மனில் 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடு தமிழைப் போலவே உண்டு. இடையிலுள்ள ஆங்கிலம் அதனை அழித்துவிடுகிறது. ஆதலின் மூல ஒலிப்பதிவைக் கேட்டே இவ்வேறுபாட்டை மீட்க இயலும்.

4. ஏவலும் பொறுப்பும்

எரியும் எண்ணெய்க் கப்பலில் ஆட்கள் எவரும் இல்லை எனக் கருதித் தலைவன் மீண்டும் நீர்மூழ்கிக் குண்டு செலுத்துகிறான். ஆனால் அங்கிருந்து மனிதர்கள் கடலில் குதித்து, நீர்மூழ்கிக் கப்பலை நோக்கி நீந்தி வருகின்றனர். அவர்களை ஏன் எவரும் மீட்கவில்லை என்று சினக்கும் அவனே, தன் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தப் பணிக்கிறான்.

கடற்படை ஏவல்கள் பெரும்பாலும் வினைமுற்று இல்லாத தொடர்களாக அமைவன. 'இயந்திரம் மெதுவாகப் பின்னோக்கி' என்பது போன்ற தொடரில் செய்பவன் இல்லை, காரணமும் இல்லை. இதனைத் தெளிவுபடுத்தும் ஆர்வத்தில் 'நாம் விலகித்தான் ஆகவேண்டும்' எனப் பெயர்த்தால், தலைவன் கூறாத சமாதானத்தை மொழிபெயர்ப்பாளரே கூறியவராவார். 'அவர்கள் சாகட்டும்' என விரித்தால், அவனிடம் இல்லாத கொடுமையை ஏற்றியவராவார். சொல்லாமல் விட்டதே இங்குப் பொருள் தருகிறது.

யோகான் என்னும் இயந்திர வினைஞன் ஆழ்கடற் குண்டுகளுக்கு அஞ்சித் தன் இடத்தைவிட்டு வெளியேறுங்கால் கைத்துப்பாக்கியை எடுக்கச் செல்பவனும் இத்தலைவனே; பின்னர் அவனை இராணுவ விசாரணைக்கு உட்படுத்தாமல் விடுபவனும் இவனே. முன்னதைக் கனிவாகவோ பின்னதை உருக்கமாகவோ பெயர்த்தல் இரண்டையும் சிதைக்கும்.

5. முடிவுரை

கொடிய அரசொன்றின் போரில் பணிபுரிந்த மனிதனுக்காக இரங்கும் பார்வையாளர், அதே வேளையில் அவனைத் தீர்ப்பிடவும் வேண்டும் என்பதே இத்தகைய படத்தின் கோரிக்கை. தமிழில் விகுதி ஒன்றே அத்தராசைச் சாய்த்துவிடும் ஆற்றலுடையது. ஆகவே தலைவனின் குறையைத் திருத்தாமல் அவ்வாறே கொண்டுசேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.