பில் கவுண்டர் ஏன் பறக்குது?

சீசன்ல கொடைக்கானல் கடையில பில் போட நின்னிருக்கீங்களா? பிஸ்கட், சோப்பு எல்லாம் 'பீப்'னு ஓடிடும். மலைப்பூண்டு வந்ததும் வரிசை நின்னுடும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டுதான், ஆனா பார்கோடு கிடையாதே! எடை போடணும், எண் தட்டணும்.

ஜெர்மனியின் தள்ளுபடிக் கடை ஆல்டியில் இந்த நொடிகளைத்தான் குறிவைக்கிறார்கள். பாக்கெட்டின் பல பக்கங்களிலும் பார்கோடு பெரிதாக அச்சாகியிருக்கும். திருப்பித் தேட வேண்டாம். கடைசி இலக்கம் செக் டிஜிட் என்பதால் ஓர் எண்ணை ஸ்கேனர் தப்பா படிச்சாலும் கணக்கு இடிக்கும், ஏத்துக்காது. பையில் அடுக்குவது நம்ம வேலை, அதுவும் கவுண்டரை விட்டுத் தள்ளிப்போய். ஸ்கேனர் வரும் முன்பு கேஷியர்கள் விலை எண்களை மனப்பாடமாகத் தட்டினார்கள் (நாம செமஸ்டர் முடிஞ்சதும் மறக்கிற மாதிரி இல்ல).

இத்தனை வேகமும் உட்கார்ந்துகொண்டே! இங்கே பல கடைகளில் நாள் முழுக்க நிற்க வைக்கிறாங்க. நின்னா வேகம் கூடும்னு யார் சொன்னது? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. அடுத்த தடவை பில் போடும்போது கவுண்டருக்குப் பின்னால நாற்காலி இருக்கான்னு எட்டிப் பாருங்க.