இருவாச்சிக்கு முதிய மரம் வேண்டும்

ஆனைமலையின் மழைக்காடுகளில் பெரிய இருவாச்சி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சிறகோசை காதில் விழுந்துவிடும். நீராவி ரயில் மேடேறும்போது இரைப்பதுபோல விட்டுவிட்டுக் கேட்கும். மற்ற பறவைகளுக்குப் பறக்கும் இறகுகளின் அடிப்பகுதியைச் சிறகின் கீழ்ப்பக்கத்தில் சிற்றிறகுகள் மூடியிருக்கும். இருவாச்சிக்கு அந்த மறைப்பு இல்லாததால், ஒவ்வொரு முறை சிறகடிக்கும்போதும் இடைவெளிகளில் காற்று சீறுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள நான்கு வகை இருவாச்சிகளில் இதுதான் பெரியது. நீளம் ஒரு மீட்டரை ஒட்டியிருக்கும். எடை 2 முதல் 4 கிலோ. மஞ்சள் அலகின் மேல் இருக்கும் கொம்பு கனமாகத் தோன்றினாலும் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். ஆணின் விழி சிவப்பு, பெண்ணின் விழி வெண்மை.

இதன் குடும்ப வாழ்க்கை வியப்பானது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை உயரமான மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையே சாந்தாகப் பூசி வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும்போது அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஒன்று அல்லது இரண்டு முட்டைகள்; அடைகாக்க 40 நாள் வரை ஆகும். அத்திப் பழம், காட்டுப் பழங்கள், ஓணான், பூச்சி என எல்லாவற்றையும் ஆண்தான் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆண் இறந்தால் கூடு முழுவதும் பட்டினியில் விழும். ஒரு வேட்டைக்காரன் ஒரு பறவையைச் சுட்டால் ஒரு குடும்பமே அழிவது இதனால்தான்.

அலகு இவ்வளவு பெரிதாக இருந்தும் இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. கிளை முறிந்து, உளுத்து, தானாக விழுந்த பொந்துதான் வேண்டும். அது இந்தப் பறவை புகும் அளவுக்கு அகன்றிருக்க, மரம் பருத்து முதிர்ந்திருக்க வேண்டும். நல்ல பொந்து கிடைத்தால் ஆண்டுதோறும் அதற்கே திரும்பி வரும்.

இருவாச்சி காட்டுக்குப் பதிலுதவியும் செய்கிறது. காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் போன்ற மரங்களின் பெரிய விதைகளைச் சிறு பறவைகளால் விழுங்க முடியாது. இருவாச்சி விழுங்கி, தாய்மரத்தைவிட்டுத் தொலைவில் உமிழ்கிறது.

2018 முதல் பெரிய இருவாச்சி உலக அளவில் அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய காட்டுத் துண்டுகளிலும் அது கூடு வைக்கிறது. ஆகவே, பொந்து விழுந்த கிழமரத்தைப் பயனற்றது என்று யாரும் வெட்டிவிடக் கூடாது. நாற்று நடுவது நல்ல பணி. ஆனால் இன்று நட்ட நாற்றில் இருவாச்சி குடியேறப் பல தலைமுறை காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த இனத்தைத் தாங்கப்போவது இன்று நிற்கும் முதிய மரங்கள்தான்.