அலைக்கு நடுவே ஒரு பந்து

1993 நவம்பர். கனடாவின் கிழக்குக் கரையில், டார்ட்மவுத் நகருக்கு அருகே ஒரு மேட்டின் மேலிருந்து ரேடார் ஒன்று அட்லாண்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது தேடியது போர்க்கப்பலை அல்ல. கம்பிவலை சுற்றி, நங்கூரம் கட்டி மிதக்கவிட்ட ஒரு மீட்டர் விட்டமுள்ள தெர்மாகோல் பந்தை.

விளையாட்டில்லை, சோதனை. மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஐபிக்ஸ் என்ற அந்த ரேடார், கடலில் மிதக்கும் சிறு பனிக்கட்டிகளைக் கண்டறிவதற்கென்றே பிறந்தது. நீருக்கு மேல் கொஞ்சமாகத் தலைகாட்டும் பனிக்கட்டி கப்பலின் வயிற்றைக் கிழித்துவிடும். ரேடார் திரையிலோ அலையோடு அலையாகக் கரைந்திருக்கும்.

அலையும் எதிரொலி தருவதுதான் சிக்கல். கருவியின் திறனைக் கூட்டினால் அலையின் எதிரொலியும் பொருளின் எதிரொலியும் சேர்ந்தே வளரும். இந்த அளவைத் தாண்டினால் பொருள் என்று நிலையாக ஒரு வரம்பு வைத்தாலும் பயனில்லை. காற்று எழும்பினால் திரையெங்கும் பொய்ப் புள்ளிகள். அதற்குப் பயந்து வரம்பை உயர்த்தினால் பந்தும் போய்விடும்.

அக்கம்பக்கத்தைக் கேட்டு வரம்பை வைக்கும் வழியை 1968-ல் ஃபின், ஜான்சன் என்ற இருவர் எழுதினார்கள். தூரத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்தைச் சோதிக்கும்போது அதன் இருபுறக் கட்டங்களின் சராசரியைப் பார்த்து வரம்பைக் கணக்கிட வேண்டும். கடல் கொந்தளித்தால் வரம்பு தானே ஏறும், அடங்கினால் இறங்கும்.

இனி தூரம். ரேடியோ அலை ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் ஓடும்; போய்த் திரும்ப வேண்டுமே, அதனால் கணக்கு 150 மீட்டர். ஐபிக்ஸ் அனுப்பிய ஒவ்வொரு ரேடியோத் துடிப்பின் நீளம் 0.2 மைக்ரோவினாடி, அதாவது 30 மீட்டர். அளவெடுத்ததோ 15 மீட்டருக்கு ஒருமுறை. ஆகவே பந்தின் எதிரொலி ஒரே கட்டத்தில் அடங்காமல் பக்கத்துக் கட்டங்களிலும் வழிந்தது. அந்த வழிசலும் சராசரியில் சேர்ந்துவிட்டால் வரம்பு ஏறி, பந்து தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். இதற்காக ஒட்டியுள்ள ஓரிரு கட்டங்களைக் கணக்கில் சேர்க்காமல் காவல் கட்டங்களாக விட்டுவிடுவது வழக்கம்.

பிற்கால ஆய்வாளர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். ஒதுக்கிய அந்த வழிசலில்தானே துப்பு இருக்கிறது! முன்கட்டத்தில் எவ்வளவு, பின்கட்டத்தில் எவ்வளவு என்று ஒப்பிட்டால் பொருள் கட்டத்துக்குள் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கட்டத்தின் அகலத்தைவிட நுணுக்கமாகத் தூரம் கிடைக்கும்.

அப்படியும் கடல் சும்மா விடுவதில்லை. உடையும் அலை ஒரு கணம் பந்தைப் போலவே பளிச்சிடும். அலைப்பள்ளத்தில் இறங்கிய பந்து ஒரு கணம் காணாமல் போகும். அதனால் ஐபிக்ஸ் ஒரே துடிப்பை நம்பாமல், வினாடிக்கு 1000 துடிப்பு என்று இரண்டு நிமிடத்துக்கும் மேல் அந்தக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தது.